சாலா சாரும் சோற்றுப் பருக்கைகளும்

கோப்பையைக் கீழே போட்டு உடைத்தவரிடம் ஓடிப்போய்க் கையைக் குலுக்கி, "ரொம்ப நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவ போடுங்க" என்று சொல்லக்கூடிய மனிதர் ஜொகூர் மாநிலம் முழுவதும் சலித்தாலும் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் பத்தொன்பது ஆண்டுகள் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, வேலை பார்த்தேன். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்பதை என் கணவர் ஊரெல்லாம் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அந்த மனிதர் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியர். அறைக் கதவில் பித்தளைப் பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாணவர்களுக்கும் காவலாளிக்கும் கேண்டீன் அக்காவுக்கும், ஏன் எங்கள் டீனுக்கும்கூட, அவர் 'சாலா சார்'தான். மலாயில் 'சாலா' என்றால் தப்பு. மனிதனுடைய கையும் காலும் ஒரு வேலையை எப்படிப் பழகிக்கொள்கின்றன, பழகிய பிறகும் ஏன் தவறுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எறிந்த பந்து கூடையில் சரியாக விழுந்தால் அவர் முகம் வாடிவிடும். "விழுந்துட்டா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. தப்புனாத்தான் கை என்ன நெனச்சுச்சுன்னு தெரியும்" என்பார். தப்பியவரைப் பார்த்து, "அருமை! அருமை!" என்று நெஞ்சுருகுவார். தப்பியவருக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செடெனாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறிப் புதுச் சேலையில் போய் இறங்கினேன். முதல் வேலையாக அவருக்குத் தே தாரிக் வாங்கிக்கொண்டு போனேன். மேசையருகே போனதும் கை ஆடியது. மொத்தத் தேநீரும் ஒரு மாணவனின் ஆய்வேட்டின் மேல் போய்ச் சேர்ந்தது. வேலை போயிற்று என்று நினைத்து அழத் தயாரானேன்.

"எந்தக் கை?" என்றார் சார்.

"மன்னிச்சிருங்க சார்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம்மா. எந்தக் கையில பிடிச்சிருந்தீங்க?"

"வலது கை சார்."

"கண்ணு எங்க இருந்துச்சு? கப்பைப் பாத்தீங்களா, என்னைப் பாத்தீங்களா?"

"உங்களைத்தான் சார். பயமா இருந்துச்சு."

"ஆஹா!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு கோப்பையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, கதவிலிருந்து மேசைவரை என்னை நடக்கவிட்டார். ஒரு நடை கோப்பையைப் பார்த்து, ஒரு நடை அவரைப் பார்த்து. சிந்திய தண்ணீரை ஒவ்வொரு தடவையும் மண்டியிட்டு அளவுகோலால் அளந்தார். மாலைவரை இதுதான் நடந்தது. ஆய்வேட்டுக்குரிய மாணவன் வந்து நனைந்த காகிதங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்ன வேலடி குடுத்தாங்க?"

"தண்ணி ஊத்தற வேலம்மா."

"செடிக்கா?"

"இல்ல, தரைக்கு."

அம்மா அன்றைக்கே எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்.

சாரின் ஆய்வுக்கூடம் பூப்பந்து மண்டபத்துக்குக் கீழே இருந்த பழைய சாமான் அறை. மேலே யாராவது குதித்தால் இங்கே கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். சன்னல் கிடையாது. சுவரில் வட்ட வட்டமாக ஒரு குறி வரைந்திருக்கும். அதை நோக்கிக் குட்டித் துணிமூட்டைகளை வீச வேண்டும். எறிபவர் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. மூட்டை எங்கே விழுந்தது என்பதைச் சார் ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சொன்னால் கை சோம்பேறியாகிவிடுமாம். சொல்லாமல் விட்டால்தான் அது தானாகத் தேடுமாம்.

மூட்டைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாங்கள் எல்லாரும் 'டீச்சர்' என்போம், சாரும் வீட்டில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பள்ளி விட்டதும் நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து கிழிந்த மூட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போவார். மணல் வைத்தால் கனம், பஞ்சு வைத்தால் பறக்கும் என்று உள்ளே பச்சைப்பயறு வைத்துத் தைப்பார். ஜொகூர் ஈரத்தில் பயறு சும்மா இருக்குமா? வண்டு வைத்துவிட்டது.

அந்த வாரம் பார்த்துத்தான் டீன் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்தார். நல்ல மனிதர், நல்ல கோட்டு, சுல்தான் கொடுத்த 'டத்தோ' பட்டம். சார் அவர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக் கையில் மூட்டையைக் கொடுத்துவிட்டார். டீன் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். மூட்டை அங்கேயே கிழிந்தது. தலையிலிருந்து கோட்டுப் பைவரை பயறும் வண்டுமாக நின்றவர், "அபா இனி? அபா இனி?" என்று அலறினார். இது என்ன, இது என்ன என்று மலாயில் கேட்கிறார்.

சார் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "உங்க தோள்பட்டை ரொம்ப சீக்கிரம் திறந்துடுது, டத்தோ."

அந்த ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கருவி எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

என் கல்யாணத்துக்குச் சாரும் டீச்சரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளைக்குக் கை நடுங்குகிறது. தாலிக்கயிற்றின் முதல் முடிச்சு விழாமல் நழுவிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேளம் ஒரு மூச்சு வாங்க, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சாரின் குரல் வந்தது: "பரவால்ல தம்பி! முதல் முடிச்சு தப்புனாத்தான் மூணாவது நல்லா விழும்!"

என் மாமியார் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. டீச்சர் சாரின் தொடையில் கிள்ளினார். "ஆ!" என்ற சத்தமும் மண்டபம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது முடிச்சு நன்றாகவே விழுந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று ஒருநாள் டீச்சரிடமே கேட்டுவிட்டேன். மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கண்ணனும் இவரும் ஒரே ஹாக்கி டீம். பைனல்ல கடைசியா ஒரு பெனால்டி, இவருதான் அடிச்சாரு. பந்து வெளிய போயிருச்சு. எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. இவரு மூலையில உக்காந்திருந்தாரு. ஆளாளுக்குக் கத்தறாங்க, 'எப்படிலா அதப் போயி விட்ட? கண்ணு தெரியலியா?'ன்னு. நான் தண்ணி குடுக்கப் போனப்போ நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன், 'ஏங்க அது வெளிய போச்சு?'ன்னு. தலையத் தூக்கிப் பாத்தாரு. 'தெரியலங்க'ன்னாரு. அன்னிலேருந்து தேடிக்கிட்டிருக்காரு, பாவம்."

பெக்கோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடுவரை போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர் அவர். இவ்வளவு படித்தும் பதில் கிடைத்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

விளையாட்டு உலகம் அவரை ஒரே ஒரு முறை தேடி வந்தது. ஒரு மகளிர் வலைப்பந்து அணியின் பயிற்சியாளர் வந்து, "எங்க புள்ளைங்களுக்குக் கோல் விழணும் சார்" என்றார். சார் உற்சாகமாகப் போனார். ஒரே இடத்தில் நின்று ஐம்பது பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்த பெண்களை, ஒவ்வொரு பந்தையும் வேறு வேறு இடத்திலிருந்து எறியச் சொன்னார். ஒரு பந்து தூரத்தில், அடுத்தது கிட்டத்தில், அதற்கடுத்தது சுற்றித் திரும்பி. பயிற்சி பார்க்கச் சகிக்கவில்லை.

"அலமாக்! பத்துக்கு எட்டு போட்ட புள்ள இப்ப நாலுதான் போடுது சார்!" என்று பயிற்சியாளர் கதறினார்.

"அதான் வேணும். இப்பத்தான் கை யோசிக்க ஆரம்பிச்சிருக்கு."

"போட்டி அடுத்த மாசம் சார்!"

"கைக்கு அது தெரியாதே."

போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். கோல் எறியும் பெண், ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவள், மைதான ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சார் அவளிடம் போய்க் குனிந்து, மலர்ந்த முகத்தோடு, "அஞ்சாவது பந்து விட்டீங்க பாருங்க, அது அருமைம்மா!" என்றார். அவள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வீசினாள். அது குறி தவறாமல் அவர் நெற்றியில் பட்டது.

நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்து, "பாத்தீங்களா சாந்தி, யோசிக்காம எறிஞ்சா எவ்வளவு நேரா வருது" என்றார். அவரை அணியிலிருந்து அன்றே அனுப்பிவிட்டார்கள்.

மறு ஆண்டு அதே அணி வென்றது. அதே பெண் கோல் மேல் கோலாகப் போட்டாள். பத்திரிகையில் படத்தோடு வந்தது. உணவுமுறை, ஒழுக்கம், இறைவன் என்று பயிற்சியாளர் நிறையப் பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். சார் அந்தப் படத்தை வெட்டி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டினார்.

"உங்க பேரு எங்கயுமே இல்லியே சார்" என்றேன்.

"பேரு எதுக்கும்மா? அந்தப் புள்ள மணிக்கட்டு நிக்கறதப் பாருங்க, எவ்ளோ அழகா நிக்குது."

அப்படித்தான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் டீச்சர் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அவர் திறக்கவில்லை. மாலையில் அந்த டப்பாவை அப்படியே பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனதை நான் பார்த்தேன்.

இதுவரை சிரித்தவர்கள் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். இனிமேல் சொல்லப்போவதில் எனக்கே சில இடங்களில்தான் சிரிப்பு வந்தது.

டீச்சருக்குப் பள்ளியில், வகுப்பில், வெண்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் அவருக்கு. பேனா கையிலிருந்து விழுந்தது, பிறகு அவரே விழுந்தார். உயிர் பிழைத்தார். வலது கை மட்டும் மடியில் வைத்த துணி மாதிரி கிடந்தது. பேச்சும் குழறியது.

மருத்துவமனையில் தடித்த கைப்பிடி போட்ட ஒரு கரண்டியைக் கொடுத்துச் சாப்பிடப் பழக்கினார்கள். டீச்சர் அதைத் தள்ளிவிட்டார். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி தள்ளினார்.

"கரண்டி வேணாம்" என்றார், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து. "கையால. பெசஞ்சு."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். சோற்றில் சாம்பாரை ஊற்றி, விரலால் பிசைந்து, உருட்டி, தானே வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். நடக்க வேண்டும், எழுத வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

சார் என்னிடம் வந்து சொன்னபோது அவர் கண்ணில் பயமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "சாந்தி, நான் எல்லாப் புஸ்தகத்தையும் தேடிட்டேன். கரண்டி இருக்கு, முள்ளுக்கரண்டி இருக்கு, குச்சி இருக்கு. சோத்தப் பெசஞ்சு சாப்பிடறதப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதலம்மா. கட்டை விரலு பின்னாலேருந்து தள்ளணும், நாலு வெரலும் சேந்து குழியணும், மணிக்கட்டு திரும்பணும். எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? நாம தெனம் செய்யறோம்."

நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே ஆய்வுக்கூடத்தை நிறுவிவிட்டார். கையெழுத்து வாங்கக் கோப்புகளை எடுத்துக்கொண்டு போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சாப்பாட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்திருந்தது. அதன் மேல் தட்டு. டீச்சர் உட்கார்ந்து நடுங்கும் கையைச் சோற்றுக்குள் விட்டிருந்தார். வெள்ளைப் பருக்கைகள் கறுப்புத் துணியெங்கும் சிதறிக் கிடந்தன. எதிரே சார் நாற்காலியில் குறிப்பேட்டோடு குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். டீச்சரின் தங்கை மூவாரிலிருந்து வந்திருந்தார். அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன அநியாயம் அத்தான்? ஒரு வாய் ஊட்டிவிட்டா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"ஊட்டிவிட்டா கை எதுக்கு வேலை செய்யணும்னு நெனைக்கும். கையைப் பிடிச்சுவிட்டாலும் அப்படித்தான். பழகாது."

"பசியோட இருக்காங்க அத்தான்!"

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றார் சார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். ஆனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

டீச்சர் ஒரு பிடி சோற்றைத் தூக்கினார். பாதி வழியில் விரல்கள் விரிந்துகொண்டன. சோறு மார்பில் விழுந்து மடியில் உருண்டது. பழக்கம் யாரை விட்டது? சார் வாய் திறந்து, "அரு..." என்று தொடங்கி அப்படியே நிறுத்தினார்.

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டார்:

"என்னைப் பாக்கறீங்களா? பருக்கையப் பாக்கறீங்களா?"

நான் கோப்புகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கையெழுத்தே வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சார் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சாந்தி, ஒண்ணு கேக்கட்டுமா? எண்ணாம எப்படிம்மா பாக்கறது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கையில்லை என்று தெரிந்தது. ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், எண்ணாமல் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"சும்மா பாருங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"சும்மான்னா? எவ்வளவு நேரம்?"

"நேரமெல்லாம் இல்ல சார். அவங்க சாப்பிடறாங்க. நீங்களும் எதுக்க உக்காந்து சாப்பிடுங்க. அவ்ளோதான்."

அவர் குறிப்பேட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். 'எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடுவது.' எழுதி முடித்ததும், தான் எழுதிவிட்டதை அவரே கவனித்தார். குறிப்பேட்டை மூடி என் மேசை இழுப்பறைக்குள் போட்டார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு நான் போனபோதெல்லாம் கறுப்புத் துணி இல்லை. இரண்டு தட்டு, இரண்டு பேர். என்ன வேடிக்கையென்றால், இயக்கத் திறன் பேராசிரியருக்கே ஒழுங்காகச் சாப்பிடத் தெரியவில்லை. ரசச் சோறு முழங்கைவரை வழிந்தது. பாதி சட்டையில். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய டீச்சருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? டீச்சர் கோணிய வாயால் சிரித்தார். "சாலா... சாலா..." என்று இடது கையால் அவர் சட்டையைக் காட்டினார். சாரும் குனிந்து பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாதங்கள் போயின. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நான் கொண்டுபோன கீரைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார். கை தள்ளாடியது, ஆனால் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாயில் பாதி சேலையில் விழுந்தது, பாதி உள்ளே போயிற்று. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சார் தலை குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டார். அவர் அழுதுகொண்டே சாப்பிடுகிறார் என்பது தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் தெரிந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து டீச்சருக்கு இரண்டாவது தாக்குதல் வந்தது. இந்த முறை மருத்துவமனைவரைகூடப் போகவில்லை.

பிள்ளைகள் இல்லாததால் தங்கை மகன்தான் காரியம் செய்தார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. எல்லாரும் போட்ட பிறகு சாரைக் கூப்பிட்டார்கள். ஒரு பிடி அரிசியைக் கையில் கொடுத்தார்கள். டீச்சரின் தலைமாட்டில் நின்றார். கை முன்னால் போயிற்று. உதட்டருகே போனதும் விரல்கள் விரிந்தன. அரிசி கன்னத்திலும் கழுத்திலும் சிதறியது.

"பரவால்லீங்க, திருப்பிப் போடுங்க" என்றார் சடங்கு செய்துவைத்த பெரியவர்.

மறுபடி அரிசி கொடுத்தார்கள். மறுபடி சிதறியது. வெளியே வண்டி காத்திருந்தது. யாரோ நேரமாகிறது என்றார்கள். சார் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு தப்பைப் பார்த்திருக்க மாட்டார். அன்று அதில் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

கற்றுக்கொள்ளும் கையைப் பிடித்துவிடக் கூடாது என்பதை என்னைப்போல் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் யாரும் இருக்க முடியாது. அன்று அந்தக் கை கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது பிடி அரிசி போய்ச் சேர்ந்தது.

சார் மறுபடி வேலைக்கு வந்தார். தப்பு செய்தவர்களைப் பாராட்டுவதை நிறுத்தியிருந்தார். மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பையன் வேண்டுமென்றே மூட்டையைக் கூரைக்கு எறிந்து பார்த்தான். சார், "சரி, அடுத்தது" என்றார். அவன் என்னிடம் வந்து, "சாருக்கு ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டான்.

ஒருநாள் டீன் எங்கள் அறைக்கே இறங்கி வந்தார். பயறும் வண்டும் மறந்துபோயிருந்தன. விடுப்பில் சார் எடுத்ததாகத் தான் கேள்விப்பட்ட, கையால் சாப்பிடுவது பற்றிய அந்தக் குறிப்புகள் உலகத்திலேயே புதியவை, கட்டுரையாக எழுதினால் பெரிய இதழில் வரும், ஆய்வுக்கூடமும் தப்பிக்கும் என்று மலாயில் அன்பாகவே எடுத்துச் சொன்னார். ஆய்வுக்கூடத்தை எடுத்துவிட்டு அங்கே நின்ற இடத்திலேயே ஓடுகிற ஓட்டப் பொறிகள் வைப்பதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் இழுப்பறையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் புரட்டினார். பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், விழுந்த பருக்கைகளின் எண்ணிக்கை.

"இதுல அவங்க எங்கயுமே இல்ல டத்தோ" என்றார். "வெறும் அரிசிதான் இருக்கு."

டீன் சாரின் தோளில் கைவைத்துவிட்டுப் படியேறிப் போனார். அடுத்த சில மாதங்களில் ஓட்டப் பொறிகள் வந்துவிட்டன. சார் ஓய்வு வயதுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். சுவரிலிருந்த வலைப்பந்துப் படத்தைப் பிய்த்தபோது கூடவே சுண்ணாம்பும் வந்தது. பாதிப் படத்தோடு வீட்டுக்குப் போனார்.

இப்போது அவர் சாஆ என்ற சிற்றூரில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கிறார். கோயிலுக்குப் பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு பகல்நேர இல்லம் நடக்கிறது. வாரத்தில் சில நாள் மத்தியானம் அங்கே போவார். யாராவது ஒருவருக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். அவர்களோடு சாப்பிடுவார். அவ்வளவுதான். ஒருவரின் மகன் இல்லப் பொறுப்பாளரிடம் புகார் சொன்னாராம்: "என்னமோ பெரிய புரொபசர்னீங்க. அந்தாளு வராரு, நல்லா சாப்பிடறாரு, எந்திரிச்சுப் போறாரு. ஒரு வார்த்த சொல்லித் தரல!" பொறுப்பாளர் இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். புகார் சொன்னவரின் அப்பா இப்போது தோசையைத் தானே பிய்த்துக்கொள்கிறாராம். அதற்குச் சார்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. சாரும் சொல்வதில்லை.

போன மாதம் சிகாமாட் மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவருடைய பணப்பையில் ஒரு காகிதத்தில் என் பெயரும் எண்ணும் மட்டும் இருந்ததாம். கணவர் காரை எடுத்தார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெலிந்து, முகச்சவரம் செய்யாமல், கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். அறுவைக்கு முன்னால் யாராவது நிரப்பித் தர வேண்டுமாம். கிராணிக்குப் படிவம் புதிதா? பெயர், முகவரி, வயது, ஒவ்வாமை என்று மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருந்தது.

மகள் என்று எழுதினேன். நர்ஸ் வாங்கிப் படித்துவிட்டு, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்.